ஒற்றைக் கொம்பனும் ஒடிந்த வேலும்

தெல்தோட்டை,
ஸ்ரீமுக வருஷம், தை 6 (1874)

அன்புள்ள பேச்சிக்கு சுந்தரலிங்கம் எழுதுவது.

இங்கே நான் சுகம். அங்கே நீயும் வடிவும் சுகம் என்று மாமா எழுதியிருந்தார். மாமாதான் எழுதினார், நீ எழுதவில்லை. கண்டியில் பள்ளிக்கூடம் போய்ப் படித்த பெண்ணைக் கட்டினால் கடிதம் ஓயாமல் வரும் என்று எனக்குச் சொன்னவர்களைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.

பிரசவத்துக்கென்று ஆடியில் போனாய். புரட்டாசியில் பிள்ளை பிறந்தாள். பதினாறாம் நாள் நான் வந்து பார்த்தபோது, "தை பிறந்ததும் வந்துவிடுகிறேன்" என்றாய். தை பிறந்து பொங்கல் பானையும் கழுவிக் கவிழ்த்தாயிற்று. கங்காணி மூக்கையா நேற்று காப்பிச் செடிக்கு மண் கொத்துகிற வேலையை நிறுத்திவிட்டு எல்லார் முன்னாலும் கேட்கிறார்: "என்னங்க கணக்கப்புள்ள, அம்மா கண்டியிலேயே கடை போட்டுட்டாங்களா?" சிரித்துச் சமாளித்தேன். வீட்டுக்கு வந்து சிரிப்பு வரவில்லை.

காப்பிப் பழம் எடுத்து முடிந்தது. பார வண்டிகள் குறைந்துவிட்டன, ரோடு இப்போது நன்றாக இருக்கிறது. மழை தொடங்கினால் கலஹா ஏற்றத்தில் மாடு முட்டி போடும். அதற்கு முன் வந்துவிடு. வீட்டுக்குக் கூரை புதிதாக வேய்ந்தாயிற்று, சொட்டு ஒழுகாது.

சாயங்காலம் ஆனால் கை சும்மா இருக்கிறது. சதுரங்கம் ஆட நீயும் இல்லை, காய்களும் இல்லை. மாமா நம் கல்யாணத்துக்கென்று மாத்தளை அரக்கு வேலைக்காரரிடம் சொல்லிச் செய்வித்த அந்த ஆனை, குதிரை, காலாட்கள் எல்லாம் உன்னிடம்தான். ஆவணியில் நீ கேட்டாய் என்று பெட்டியில் போட்டு அனுப்பினேனே, அது வந்தது என்று கூட இதுவரை ஒரு வரி இல்லை.

வண்டி எப்போது அனுப்ப? எழுது.

உன்,
சுந்தரலிங்கம்


கண்டி,
தை 14

அன்புள்ள அத்தானுக்கு பேச்சியம்மா எழுதிக்கொள்வது.

கடிதம் கிடைத்தது. காய்ப் பெட்டியும் ஆவணியிலேயே கிடைத்தது. அதைப் பற்றி எழுத உட்கார்ந்தால் கோபம் வரும், வயிற்றில் பிள்ளை இருக்கும்போது கோபப்படக் கூடாது என்று அம்மா சொன்னதால் எழுதவில்லை. நீங்கள் வந்தபோது வீடு நிறைய ஆட்கள். இப்போது கேட்டுவிட்டீர்கள், சொல்கிறேன்.

பெட்டியைத் திறந்ததும் புளித்த வாடை. மெத்தென்று இருக்கும் என்று எல்லாக் காய்களையும் காப்பித் தோலில் புதைத்து அனுப்பியிருக்கிறீர்கள். காயாத தோல். ஈரத்தோலைக் குவித்து வைத்தால் உள்ளுக்குள் வேகும் என்று காப்பி ஸ்டோருக்கு அழைத்துப் போய், குவியலுக்குள் என் கையை விடச் சொல்லிக் காட்டியவர் யார்? நீங்கள்தானே. வண்டி இங்கே வந்து சேர்வதற்குள் பெட்டி அடுப்பாகி, அரக்கு இளகி, காலாட்கள் இரண்டு பேர் குதிரை முதுகில் ஒட்டிக்கொண்டு வந்தார்கள். ஊரெல்லாம் காப்பித் தோலைப் பற்றிப் பாடம் நடத்துகிறவர் வீட்டுப் பெட்டிக்கு வந்ததும் மறந்துவிட்டார்.

அதைப் பொறுத்தேன். பேனாக் கத்தியால் மெல்லப் பிரித்து, சாயம் போன இடத்தில் சாயம் தொட்டு வைத்தேன். பொறுக்க முடியாதது வேறு. கறுப்பு ஆனையின் இடது கொம்பு. அது வழியில் ஒடிந்ததல்ல. சூட்டில் உருகி வழிந்தது மெழுகு, அந்த மெழுகுக்குள் பழைய தூசி. நான் அங்கே இருக்கும்போதே ஒடித்து, ஒட்டி, ஒன்றும் நடக்காதது போல என் எதிரே உட்கார்ந்து ஆடியிருக்கிறீர்கள். அந்த ஆனையின் வலது பக்கம் எப்போதும் என்னைப் பார்த்தே இருக்கும். உங்களுக்கு அது ஏதோ ராசி போல என்று நானும் பேசாமல் இருந்தேன். எனக்கு வாய்த்த புத்தி அது.

ஒரு கொம்புக்காகவா என்று நீங்கள் சிரிப்பீர்கள். கீழே கூலிக்காரர் லயத்தில் இருக்கும் ரத்தினம்மாவை நினைத்துப் பாருங்கள். பிள்ளைக்குக் காய்ச்சல் என்று அவள் தவித்தபோது, அவள் புருஷன் "சும்மா சூடுதான், நாளைக்குப் போயிரும்" என்று சொல்லியே நாளைக் கடத்தினான். அவள் பயப்படக் கூடாதாம். பிறகு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியபோது நேரம் கடந்துவிட்டது. நான் அந்த வீட்டில் அவள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஆனைக் கொம்புக்கு மெழுகு தடவியவர், நாளை வடிவுக்குக் காய்ச்சல் என்றால் என்ன தடவுவார்? எனக்கு உள்ள பயம் இதுதான். ரோட்டுப் பயமும் உண்டு, ஆனால் அது இரண்டாவது.

பிள்ளை குப்புற விழப் பழகிவிட்டாள். உங்களைப் போல நெற்றி.

பேச்சியம்மா


தெல்தோட்டை,
தை 21

பேச்சிக்கு,

உன் கடிதத்தை நின்றுகொண்டு வாசித்தேன், பிறகு உட்கார்ந்து வாசித்தேன். ஒரு அரக்கு ஆனையைச் சாட்சிக்கு நிறுத்திப் புருஷனைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றியவள் இந்தக் கண்டி ராஜ்யத்தில் நீ ஒருத்திதான் இருப்பாய். பாதிக் கடிதத்தில் அத்தையின் குரலும் கேட்டது. மகளையும் பேத்தியையும் மடியிலேயே வைத்துக்கொள்ள அவருக்கு ஒரு சாக்கு வேண்டியிருந்தது, நான் தோலோடு சேர்த்துக் கட்டி அனுப்பிவிட்டேன்.

நடந்ததைச் சொல்கிறேன். சித்திரை மழையில் காய்களெல்லாம் பூஞ்சணம் பிடித்துக் கிடந்தன. துடைத்து வைப்போம் என்று எடுத்தேன். ஆனை கை நழுவி அம்மியில் விழுந்தது. நீ அப்போது வாந்தி எடுத்துக் கண் இருண்டு படுத்திருந்தாய். கஞ்சித் தண்ணீர் கூட உள்ளே தங்கவில்லை. அந்த நேரத்தில் வந்து, "உன் அப்பா கொடுத்த ஆனை ஒடிந்துவிட்டது" என்று சொல்லவா? நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தேன். நாளைக்கு நாளைக்கு என்று போய்விட்டது. உன் மனசு நோகக் கூடாது என்றுதான் மறைத்தேன். இதற்கு மேல் எனக்குச் சமாதானம் சொல்லத் தெரியவில்லை.

வடிவுக்கு என் முகம் தெரியாது. தெரிவதற்குள் அவளுக்குப் பல் முளைத்துவிடும். நீ வருவாயா, மாட்டாயா? ஒரு வரி போதும்.

சுந்தரலிங்கம்


கண்டி,
மாசி 1

அன்புள்ள அத்தானுக்கு,

முதலில் அம்மா விஷயம். "புருஷன் வீட்டுக்குப் போடி, இங்கேயே இருந்தா ஊர் என்ன சொல்லும்" என்று காலையில் ஒரு தரம், விளக்கு வைக்கும்போது ஒரு தரம் சொல்கிறவர் அம்மாதான். உங்கள் கடிதத்தில் அந்த இடத்தை மட்டும் அவருக்கு வாசித்துக் காட்டவில்லை. என்னிடம் கடன்பட்டிருக்கிறீர்கள்.

எனக்காகத்தான் மறைத்தீர்கள் என்பதை நம்புகிறேன். நான் வாந்தி எடுத்தபோது தலையைப் பிடித்த கையையும் மறக்கவில்லை. ஆனால் அத்தான், பயம் அதனால் கூடுகிறதே ஒழியக் குறையவில்லை. கெட்ட எண்ணத்தோடு மறைக்கிறவனைக் கண்டுபிடித்துவிடலாம். பிரியத்தினால் மறைக்கிறவரிடம் நான் என்ன கேள்வி கேட்பேன்?

வர மாட்டேன் என்று சொல்லவில்லை. எனக்கு முன்னால் நம் படையை அனுப்புகிறேன். கெலிஓயா மஹ்மூத் நானா அரிசி ஏற்றிக்கொண்டு உங்கள் தோட்டத்துக்கு வருகிறார். அதே வண்டியில், அதே மாட்டோடு, அதே ரோட்டில்தான் நானும் பிள்ளையும் வர வேண்டியிருக்கும். படை போய்ச் சேருகிற விதத்தைப் பார்த்து நாங்கள் புறப்படுகிறோம்.

எப்படிக் கட்டியிருக்கிறேன் என்று எழுதுகிறேன், பிரிக்கும்போது அவசரப்படாதீர்கள். அப்பா கடைக்குத் துணி வந்த பலகைப் பெட்டி. உள்ளே கமுக மட்டையை அறுத்து அறை அறையாகத் தடுத்திருக்கிறேன். ஒரு காய்க்கு ஓர் அறை, ஒன்றை ஒன்று தொடாது. பாரமான ஆனைகள் அடியில், காலாட்கள் மேலே. ஒவ்வொன்றையும் நைந்த வேட்டித் துணியில் சுருட்டி, இடைவெளியில் இலவம் பஞ்சு. காலாட்களின் வேல் ஈர்க்குக் கனம்தான் என்பது தெரியும், அதனால் துணிக்குள் வேலோடு சேர்த்து ஒரு மூங்கில் சிம்பை அணை கொடுத்திருக்கிறேன். பூச்சி வராமல் நாலு மூலையிலும் வேப்பிலை. காய்ந்த வேப்பிலை.

பெட்டியை வண்டித் தளத்தில் வைக்கக் கூடாது, வெயில் படவும் கூடாது. கூண்டு வளையத்தில் கயிறு கட்டித் தொட்டில் மாதிரி தொங்கவிட வேண்டும் என்று மஹ்மூத் நானாவிடம் சொல்லியிருக்கிறேன். வடிவும் பாதி வழி என் மடியில், பாதி வழி அப்படித்தான் வரப் போகிறாள்.

பெட்டி வந்த உடனே பிரித்துப் பாருங்கள். பார்த்ததை எழுதுங்கள். அதைப் பொறுத்துத்தான் எல்லாம்.

பேச்சியம்மா


தெல்தோட்டை,
மாசி 9

அன்புள்ள பேச்சிக்கு,

நேற்று மத்தியானம் பெட்டி வந்தது. இதை எழுதுவதற்குள் இரண்டு தாளைக் கிழித்துப் போட்டுவிட்டேன்.

பெட்டியை இறக்கும்போது மஹ்மூத் நானா சொன்னார்: "கணக்கப்புள்ள, ஒங்கட பொஞ்சாதி படிச்சுப் படிச்சுச் சொல்லிட்டா. பேராதனப் பாலம் தாண்டினதிலருந்து மாட்ட அடிக்கக் கையே ஓங்கல்ல. எண்ட வாப்பாவக் கூட இவ்வளவு பக்குவமாக் கூட்டிட்டுப் போனதில்ல." கயிறு கட்டியபடியே இருந்தது. கூண்டுக்குள் பெட்டியில் சூடு இல்லை, கையை வைத்துப் பார்த்தேன்.

பாய் விரித்து ஒவ்வொன்றாகப் பிரித்தேன். ராஜாக்கள் இருவரும் கிரீடத்தோடு வந்தார்கள். குதிரைகளுக்குக் காது இருந்தது. நீ சாயம் தொட்ட இடத்தைத் தேடிப் பார்த்தேன், தெரியவில்லை. ஆனைகள் அடியில் அசையாமல் கிடந்தன. நானாவும் பக்கத்தில் குந்தி, ஒவ்வொரு காலாளுக்கும் "மாஷா அல்லா" சொல்லிக்கொண்டிருந்தார். எனக்குச் சந்தோஷம் தாளவில்லை. மனசுக்குள் உனக்குக் கடிதமே எழுதி முடித்துவிட்டேன்.

அடித்தட்டில், ஆனைகளுக்குப் பக்கத்தில், ஒரு சிவப்புக் காலாள். துணியைப் பிரித்தேன். வேல் பாதியில் ஒடிந்திருந்தது.

பேச்சி, நுனியைத் தேடினேன். துணியை உதறினேன், பஞ்சையெல்லாம் பிய்த்தேன், வண்டித் தளத்தில் அரிசியோடு அரிசியாகத் துழாவினேன். வீடெல்லாம் இப்போது பஞ்சு பறக்கிறது. நுனி மட்டும் இல்லை. நானா என் முகத்தைப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார்: "ஒரு ஈர்க்குத்தானே. சீவி, கொஞ்சம் அரக்க உருக்கி ஒட்டுங்க. கண்டிக்கு ஆரு போய்ச் சொல்லப் போறது?"

அந்த ஒரு நிமிஷம் நான் யோசிக்கவே இல்லை என்று எழுதினால் அதுவும் மெழுகுதான். சிரட்டையில் அரக்கு எடுத்து வைத்தேன். ஈர்க்கும் சீவினேன். அழகாகவே சீவியிருந்தேன். எல்லாம் பத்திரம், புறப்பட்டு வா என்று எழுதினால் நீ வந்துவிடுவாய். வந்த பிறகு நான் அந்தக் கறுப்பு ஆனை மாதிரி உனக்கு ஒரு பக்கத்தை மட்டும் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். எத்தனை நாளைக்கு அப்படி உட்கார முடியும்?

ஆகையால் எழுதுகிறேன். சிவப்புக் காலாள் ஒருவன் வேல் ஒடிந்து வந்தான். நீ இவ்வளவு பாதுகாப்பாய்க் கட்டியும், நானா இவ்வளவு பக்குவமாய் ஓட்டியும் இந்த ரோடு ஒன்றை ஒடித்துவிட்டது. இதைப் படித்துவிட்டு நீ வர மாட்டாய் என்று தெரியும். எனக்கு அழுகையாக வருகிறது. ஆனால் எழுதிய பிறகு நெஞ்சு லேசாகவும் இருக்கிறது, அது என்ன மாயம் என்று புரியவில்லை.

எழுதுகிற கையோடு இன்னொன்றும். கூரை ஒழுகும். புதிதாக வேய்ந்தது பாதிதான். பெட்டியை எங்கே வைப்பது என்று வீட்டைச் சுற்றி வந்தபோதுதான் எனக்கே முழுசாகத் தெரிந்தது. அடுப்புப் பக்கம் சூடு, அரக்குக்கு ஆகாது. தரையில் கறையான். மலைப் பக்கத்துச் சுவரில் ஈரம். உள் அறையில் கிழக்கு மூலை ஒன்றுதான் காய்ந்த இடம். அங்கே உத்தரத்தில் கயிறு போட்டுத் தொங்கவிட்டிருக்கிறேன். பெட்டி பத்திரமாக இருக்கும்.

மழைக்குப் பிறகு வருகிறாயோ, அடுத்த தையில்தான் வருகிறாயோ, நீ சொல்கிறபடி.

உன்,
சுந்தரலிங்கம்


கண்டி,
மாசி 14

என் அத்தானுக்கு,

உங்கள் கடிதத்தை அப்பாவின் கடையில் நின்று வாசித்தேன். வாசித்துக்கொண்டே சிரித்தேன், பிறகு சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு அழுதேன். சீட்டித் துணி பார்க்க வந்த அம்மா ஒருவர் கதிரையை இழுத்துப் போட்டு என்னை உட்கார வைத்து, யாருக்கு என்ன ஆயிற்று என்று கேட்டார். காலாளுக்கு வேல் ஒடிந்துவிட்டது என்றேன். அவர் அப்பாவைப் பார்த்த பார்வை இருக்கிறதே.

அந்த வேலை ஒடித்தது ரோடு அல்ல. உங்கள் மகள்.

நான் காய்களைப் பாயில் பரப்பிச் சுருட்டிக்கொண்டிருந்தபோது, பக்கத்தில் குப்புறக் கிடந்தவள் கையை நீட்டி அந்தச் சிவப்புக் காலாளைப் பிடித்தாள். நான் திரும்புவதற்குள் வாய்க்குள் போய்விட்டது. விரலை விட்டு நுனியை வெளியே எடுத்தேன். அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை, எனக்குத்தான் உயிர் போய் வந்தது. நுனி என் குங்குமச் சிமிழில் இருக்கிறது. நீங்கள் பஞ்சைப் பிய்த்தது பாவம்.

நானும் ஒட்டத்தான் போனேன், அத்தான். கோந்தை எடுத்துவிட்டேன். அப்போதுதான் அந்த யோசனை வந்தது. ஒட்டாமல் அப்படியே துணியில் சுருட்டி அடித்தட்டில் ஆனைகளுக்குப் பக்கத்தில் வைத்தேன். பெட்டி போன நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. ரோடு எப்படி என்று மஹ்மூத் நானாவிடம் கேட்டால் சொல்லிவிடுவார். நீங்கள் என்ன எழுதுவீர்கள் என்பதை யாரிடம் கேட்பது? "எல்லாம் பத்திரம்" என்று வந்திருந்தால், ரோடு நல்ல ரோடாக இருந்தும் நான் இங்கேயே இருந்திருப்பேன். எப்படி இருந்திருப்பேன் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது. இப்படிச் சோதித்ததற்குத் திட்ட வேண்டும் என்றால் நேரில் திட்டுங்கள். கேட்டுக்கொள்வேன்.

கூரை ஒழுகுவது எனக்குத் தெரியும். பெட்டியை எடுக்க வந்தபோதே மஹ்மூத் நானா சொல்லிவிட்டார். "கணக்கப்புள்ள படுக்கைக்குப் பக்கத்தில சட்டி வச்சிருக்கார்" என்று.

மாசி மகம் கழிந்த மறுநாள் விடிய நானாவின் வண்டியில் புறப்படுகிறோம். கலஹாவில் மாட்டை அவிழ்த்து இளைப்பாறிவிட்டு வருவோம். அம்மா மாங்காய் ஊறுகாயும் பிள்ளைக்கு வசம்பும் கட்டித் தருகிறார். உங்களுக்கென்று ஒரு பனியனும். ரத்தினம்மாவிடம் சொல்லி வையுங்கள். வந்ததும் வடிவை முதலில் அவள் மடியில் போடுவேன். அவள் மறுத்தாலும் போடுவேன்.

உங்கள்,
பேச்சி


தெல்தோட்டை,
மாசி 19

பேச்சிக்கு,

இதை மஹ்மூத் நானாவே கொண்டுவருகிறார். நேரமில்லை, வண்டி நிற்கிறது.

திட்டுவதற்கு நிறையச் சேர்த்து வைத்திருக்கிறேன். உன்னைக் கண்டதும் மறந்துபோகும், அதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். கடிதத்தை மூக்கையாவுக்கு வாசித்துக் காட்டினேன். "அம்மா கங்காணியா இருக்க வேண்டியவங்க" என்றார்.

ரத்தினம்மாவிடம் சொன்னேன். சாயங்காலம் வந்து நம் வீட்டுத் தரையைச் சாணம் போட்டு மெழுகிவிட்டுப் போனாள்.

கூரைக்கு மானாப் புல் வெட்டி வந்து மேற்குப் பக்கத்தை மூடியாயிற்று. ஆனாலும் நம்ப முடியாது, ஒழுகலாம். கிழக்கு மூலையில் தொங்கிய பெட்டியை இறக்கிச் செங்கல் மேல் வைத்துவிட்டேன். அந்தக் கயிற்றில் தொட்டில் கட்டியிருக்கிறேன். ஓர் அரிசி மூட்டையைப் போட்டு ஆட்டிப் பார்த்தேன், தாங்குகிறது.

பலகையில் காய்களை அடுக்கிவிட்டேன். கறுப்பு ஆனையின் மெழுகைச் சுரண்டி எடுத்தாயிற்று. ஒற்றைக் கொம்பனாகவே நிற்கிறான், ஒடிந்த பக்கம் உன் இடத்தைப் பார்த்தபடி. எதிரே உன் சிவப்புக் காலாள் பாதி வேலோடு. முதல் ஆட்டம் உன்னுடையது.

சிமிழில் இருக்கும் நுனியை மறக்காமல் கொண்டு வா. ஒட்ட மாட்டேன். வடிவு வளர்ந்ததும் அவளிடம் காட்டி, உன் அம்மாவை இங்கே கொண்டுவந்து சேர்த்தது இதுதான் என்று சொல்ல வேண்டும்.

சுந்தரலிங்கம்